எக்ஸ்ரே அறை வாசலில் உதவிய அம்மையாருக்கு

கனடா குடியேற்ற விசாவுக்காக மியான்மரின் யாங்கோனில் நாங்கள் குடும்பத்தோடு மருத்துவப் பரிசோதனைக்குச் சென்ற அன்று, கன்னத்தில் ‘தனக்கா’ என்னும் மரப்பட்டைச் சாந்து பூசிப் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருந்த அம்மா, தங்கள் பெயரைக் கேட்கத் தவறியதால் நன்றியை இப்படி எழுதுகிறேன்.

எடை, ரத்தம், சிறுநீர் எல்லாம் சீக்கிரமே முடிந்தன. 11 வயது நிரம்பியோர்க்கெல்லாம் மார்பு எக்ஸ்ரே உண்டு என்றதும், இளமையில் காசநோய் கண்டு குணமான என் தந்தையார், அதை மறைத்துவிடலாமா என்று என்னிடம் கிசுகிசுத்தது தங்கள் காதிலும் விழுந்திருக்க வேண்டும். பழைய தழும்பு படத்தில் தெரிந்துவிடும், மறைத்தால்தான் சிக்கல், சிகிச்சைச் சீட்டும் பழைய படமும் இருந்தால் காட்டுங்கள் ஐயா என்று நிதானமாகச் சொன்னீர்கள். தம்பி வீட்டுக்கு ஓடி, கரப்பான் அரித்த காக்கி உறையைப் பரணிலிருந்து எடுத்து வந்தான்.

மூன்று நாள் சளி எடுக்கச் சொல்லலாம், அதில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனையின் முடிவுக்கு 8 வாரம்கூட ஆகலாம் என்றும் தாங்கள் முன்பே சொல்லியிருந்ததால், மருத்துவர் அப்படியே கூறியபோது நாங்கள் பதறவில்லை. முடிவு நல்லபடியாகவே வந்தது. தந்தையார் இப்போது எதிர்வீட்டாருக்கு எக்ஸ்ரே பாடம் நடத்துகிறார்!

படிவம் நிரப்பத் தாங்கள் தந்த நீலப் பேனா எங்களிடமே இருக்கிறது.