சைக்கிளை வெளியே எடு, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே யாழ்ப்பாணத்தில் எல்லாரும் சுகம். சோழகக் காற்று தொடங்கிவிட்டது, பண்ணைப் பாலத்தில் நேற்று நல்ல எதிர்க்காற்று, ஆனாலும் வேலணை வரை மிதித்துப் போய் வந்து அம்மாவிடம் பேச்சு வாங்கினேன். மருந்தெல்லாம் ஒழுங்காகப் போடுகிறேன், நீ யோசிக்காதே.

போன வருடம் இந்த நேரம் ஞாயிறு தவறாமல் ஒன்ராறியோ ஏரிக்கரையில் சைக்கிளோடு நிற்கிற படம் வரும். இந்த வருடம் அங்கே பனி கரைந்து எவ்வளவு காலம், ஒன்றையும் காணவில்லை. சைக்கிள் பழுதா? குளிர் முழுக்கச் சும்மா நின்ற சைக்கிளுக்கு முதலில் காற்றைப் பார், பிறகு பிரேக் கட்டை, செயினுக்கு எண்ணெய் விட மறக்காதே. அம்மாவோடு இரண்டு நிமிடம் கதைத்துவிட்டு வைத்துவிடுகிறாய். மருமகளைக் கேட்டால் வேலை கூட என்கிறா.

93இல், சண்டைக் காலம், கரண்டும் இல்லை, பற்றரிக்கும் தடை. தாத்தாவின் றலி சைக்கிளைக் கவிழ்த்து வைத்து நீ கையால் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ வேலை செய்யும். கை கொஞ்சம் தளர்ந்தாலும் செய்தி வாசிக்கிறவரின் குரல் அமுங்கிவிடும். பிபிசி தமிழோசை முடியும்வரை ஒரே சீராகச் சுற்ற மாமாவுக்கே வராது, பத்து வயதில் உனக்கு வந்தது. இன்றைக்கும் வருகிறவர்களுக்கு இதைச் சொல்லுவேன்.

95 ஒக்டோபர் 30, யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த அந்த இரவும் அதே றலிதான். அம்மம்மா கரியரில், நான் ஹாண்டிலில், நீ பின்னால் பிடித்துக்கொண்டு. மழை, சனம், ஓர் அடி நகர்ந்தால் பத்து நிமிடம் நிற்க வேண்டும். நாவற்குழிப் பாலம் தாண்டும்வரை பசிக்குது என்று நீ ஒரு சொல் சொல்லவில்லை. அப்போது எனக்குப் பெருமை. இப்போது உன்னுடைய அந்தக் குணத்தை நினைத்தால்தான் நித்திரை வரவில்லை.

நம்முடைய ஆம்பிளைகள் முகத்துக்கு முகம் இருந்து மனதில் கிடக்கிறதைச் சொல்ல மாட்டார்கள். சைக்கிளில் பக்கத்தில் பக்கத்தில் போகும்போது சொல்லுவார்கள். கண் றோட்டில், கால் தன் பாட்டில் மிதிக்கும், வாய் மெல்லத் திறக்கும். சித்தப்பா தன் கடன் விஷயத்தை எனக்குச் சொன்னது கோப்பாய்க்கும் இருபாலைக்கும் இடையில்தான், நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தனியே போனாலும் அப்படித்தான். எதிர்க்காற்றில் குனிந்து மிதிக்கிறபோது தலைக்குள் முடிச்சாகக் கிடந்தது தானாகத் தளரும். எனக்கு இந்த வயதிலும் தளருகிறது. அதற்காகவே போகிறேன், சந்தைக்கு என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு.

நேரத்துக்குச் சாப்பிடு. செயினுக்கு எண்ணெய் விடு, சொல்லிவிட்டேன். சனிக்கிழமை விடிய எட்டு மணிக்கு அந்த ஏரிக்கரைக்குச் சைக்கிளில் போய், அங்கிருந்து எனக்குக் கோல் எடு. இங்கே பின்னேரம் ஐந்தரை, நானும் பண்ணையில் சைக்கிளோடு நிற்பேன். நீ சொல்கிறது எதுவானாலும் அம்மாவுக்குச் சொல்ல மாட்டேன்.

அப்பா