சுவர் சுவிட்சை அணைக்கும் முன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

லினக்ஸ் கணினி ஷட்டவுன் ஆகாமல் நின்றால் பவர் பட்டனை அழுத்திப் பிடியுங்கள் என்று ஞாயிறு இணைப்பின் கேள்வி பதில் பகுதியில் போட்டிருந்தீர்கள். படித்ததும் மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

நான் தேனி மாவட்டத்தில் கணினி ஆசிரியை. எங்கள் ஆய்வகத்தில் 12 கணினிகள், எல்லாம் உபுண்டு என்ற லினக்ஸ் வகை. போன வருடம் முழுக்க, சாயங்காலம் ஷட்டவுன் கொடுத்தால் பாதிக் கணினிகள் லோகோவோடு அப்படியே நின்றுவிடும். பஸ்ஸுக்கு ஓட வேண்டிய பிள்ளைகள் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவார்கள். நானும் தடுக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை 7ஆம் எண் கணினி கறுப்புத் திரையில் நின்று வட்டில் கோப்புகள் பழுதா என்று பார்த்துச் சரிசெய்யும் எஃப்எஸ்சிகே (fsck) கட்டளையை ஓட்டச் சொன்னது. ஓட்டி எழுப்பிவிட்டேன். ஆனால் 9ஆம் வகுப்பு மாணவி ஒருத்தி மூன்று வாரமாகச் செய்த கோப்பு 0 பைட்டாக, உள்ளே ஒன்றுமில்லாமல் கிடந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி முதலிலிருந்து தட்ட உட்கார்ந்தாள்.

அன்றைக்குத்தான் காரணத்தைத் தேடினேன். லோகோ தெரியும்போது எஸ்கேப் விசையைத் தட்டினால் பின்னால் நடப்பது வரி வரியாக வரும். ‘எ ஸ்டாப் ஜாப் இஸ் ரன்னிங்’, அதாவது ஏதோ ஒன்றை நிறுத்தும் வேலை நடக்கிறது என்று ஒரு வரி, பக்கத்தில் ஓடும் விநாடிக் கணக்கு. நிற்காமல் அடம்பிடிப்பது எது என்பது அந்த வரியிலேயே இருக்கும். நிரல்களைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி அதற்கு வழக்கமாக 90 விநாடி கொடுக்கும். சில நேரம் அதற்கு மேலும் இழுக்கும். எங்களுக்கு வந்த பெயர் பாடக் கோப்புறை. அது என் மேசைக் கணினியிலிருந்து என்எஃப்எஸ் என்ற நெட்வொர்க் கோப்புப் பகிர்வு வழியாகப் பிள்ளைகளின் கணினிகளுக்குப் போவது. தினமும் முதலில் அணைத்தது என் கணினியைத்தான். பதில் சொல்ல ஆளில்லாமல் மற்றவை காத்துக் கிடந்திருக்கின்றன. இப்போது என்னுடையதைக் கடைசியாக அணைக்கிறேன். ஒரு கட்டளைகூட மாற்றவில்லை.

3ஆம் எண் கணினி வேறு கதை. அணைந்த வேகத்தில் தானே எழுந்துவிடும். கணினி எழும்போதே திறக்கும் பயாஸ் அமைப்பில், நெட்வொர்க் வழியாகக் கணினியை எழுப்பும் வேக் ஆன் லேன் வசதியை நிறுத்தியதும் சரியானது. அதேபோல ‘பவர் டவுன்’ என்ற வரி வந்த பிறகும் விசிறி சுற்றினால் கோப்பெல்லாம் பத்திரமாக எழுதியாகிவிட்டது என்று அர்த்தம். அப்போது பட்டனை அழுத்திப் பிடிக்கலாம், பாதகமில்லை.

அந்த வரி வராமலே உறைந்துவிட்டால் ஆல்ட், பிரிண்ட் ஸ்கிரீன் இரண்டையும் பிடித்துக்கொண்டு எஸ், யு, ஓ என்று சற்று இடைவெளி விட்டுத் தட்ட வேண்டும். எஸ், எழுத வேண்டியதை வட்டில் எழுதிவிடும். யு, வட்டைப் படிக்க மட்டும் என்று பூட்டும். ஓ, அணைக்கும். இதற்கும் மசியாவிட்டால் அப்புறம் பட்டன். மறுபடி எழுப்பியதும் கட்டளை தட்டும் டெர்மினல் திரையில் journalctl -b -1 (முந்தைய முறை ஓடியபோது பதிவான குறிப்புகளைக் காட்டும் கட்டளை) என்று தட்டிக் கடைசி வரிகளைப் பாருங்கள். எங்கே சிக்கியது என்பது பெரும்பாலும் அங்கே தெரிந்துவிடும்.

தயவுசெய்து இதையும் அதே பகுதியில் வெளியிடுங்கள். உங்கள் பதிலை ஒரு மாணவன் கத்தரித்து வந்து ஆய்வகச் சுவரில் ஒட்டியிருக்கிறான். அதன் பக்கத்தில் இதை ஒட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு கணினி ஆசிரியை,
தேனி மாவட்டம்.