தூரத்து நிலையங்களை மூடும் டிஜிட்டல் இரைச்சல்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

டிஜிட்டல் வானொலி பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். தெளிவான ஒலி, திரையில் ஓடும் பாட்டு விவரம், மின்சாரச் செலவு குறைவது என்று எல்லாம் வந்திருந்தது. எல்லாம் சரிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த டிஜிட்டல் சிக்னல் பக்கத்து அலைவரிசையை என்ன பாடு படுத்துகிறது என்று ஒரு வரிகூட இல்லை. ராத்திரியில் மத்திய அலையில் தூரத்து நிலையங்களைத் தேடிப் பிடிக்கிற என் போன்ற டிஎக்ஸர்களுக்கு அதுதான் முதல் பிரச்சினை, அதனால்தான் இந்தக் கடிதம்.

பகலில், வானத்தில் உயரே மின்னூட்டம் பெற்றிருக்கிற அயனி மண்டலத்தின் அடிப்பகுதியான டி அடுக்கு மத்திய அலையை உறிஞ்சிவிடும், பெரிய நிலையமும் தரையலை போகிற தூரத்தோடு நின்றுவிடும். பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு கலைந்துபோக, அலை இன்னும் மேலே ஏறி அங்கிருந்து திரும்பி, நூற்றுக்கணக்கான, சில நாள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வந்து இறங்கும். எங்கள் பொழுதுபோக்கே இதை நம்பித்தான். நிலையத்தின் குரல் வருகிற அதே வழியில் அதன் டிஜிட்டல் இரைச்சலும் வந்துவிடும் என்பதைத்தான் திட்டம் போட்டவர்கள் போதுமான அளவு யோசிக்கவில்லை.

அமெரிக்காவின் டிஜிட்டல் வானொலி முறையான எச்டி ரேடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மத்திய அலையில் நிலையங்களுக்கு இடைவெளி 10 கிலோஹெர்ட்ஸ். ஆனால் பழைய அனலாக் ஒலியோடு டிஜிட்டலையும் சேர்த்து அனுப்புகிற ஹைபிரிட் முறையில் சிக்னல் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் 15 கிலோஹெர்ட்ஸ் வரை பரவுகிறது, அதிலும் வலுவான டிஜிட்டல் பகுதி கடைசி 5 கிலோஹெர்ட்ஸில்தான் உட்கார்ந்திருக்கிறது. அதாவது 1030 கிலோஹெர்ட்ஸில் இருக்கிற நிலையத்தின் பலமான இரைச்சல் 1015 முதல் 1020 வரையும் 1040 முதல் 1045 வரையும் விழும். மெல்ல டயலைத் திருப்பினால் நன்றாகவே தெரியும்: நிலையம் வருவதற்கு முன்னாலேயே தகரக் கூரையில் மழை கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் எழும், 1030-ஐ நெருங்க நெருங்கத் தணிந்து பேச்சு கேட்கும், தாண்டினால் மறுபடி அதே சத்தம். ஆக ஒரு நிலையம் மூன்று நிலையங்களின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

'முன்பும் இடைஞ்சல் இருந்ததே' என்பார்கள். இருந்தது. ஆனால் அனலாக்கில் இரண்டு நிலையங்கள் மோதினால் இரண்டு குரலும் கேட்கும், நடுவில் ஒரு விசில் கேட்கும், பழகிய காது அதில் வேண்டியதைப் பிரித்துவிடும். லூப் ஆன்டெனாவைத் திருப்பி ஒன்றை அமுக்கலாம், இல்லாவிட்டால் நிலையத்தின் நடு அலைவரிசைக்கு மேலும் கீழும் இருக்கிற இரண்டு சைடுபேண்டுகளில் இடைஞ்சல் இல்லாத பக்கத்தை மட்டும் கேட்கலாம். டிஜிட்டல் இரைச்சலில் பிரிக்க எதுவும் இல்லை. ஒரு அலைவரிசைக்கு மேலேயும் கீழேயும் ஆளுக்கொரு ஹைபிரிட் நிலையம் இருந்துவிட்டால் எந்தச் சைடுபேண்டுக்கும் தப்பி ஓட முடியாது, அந்த அலைவரிசை அன்றைக்குப் போனது போனதுதான். அப்புறம், நிலையத்துக்கு அனுப்புகிற ரிப்போர்ட்டில், சிக்னல் பலம், இடைஞ்சல், இரைச்சல் என்று தனித்தனியாக மதிப்பெண் தருகிற சின்போ எண் போடும்போது இதை எதில் குறைப்பது? காதுக்கு இது வெறும் இரைச்சல், வந்த வழியைப் பார்த்தால் இன்னொரு நிலையத்தின் இடைஞ்சல். நான் இடைஞ்சலில்தான் குறைக்கிறேன், காரணத்தையும் கீழே எழுதிவிடுகிறேன். கேட்டதை உறுதிசெய்து நிலையம் அனுப்புகிற க்யூஎஸ்எல் அட்டை வருகிறதோ இல்லையோ, அந்த நிலையத்துக்காவது விஷயம் தெரியட்டும்.

இது பொழுதுபோக்குக்காரர்களின் புலம்பல் மட்டும் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. ராத்திரியிலும் மத்திய அலையில் எச்டி ஒலிபரப்பலாம் என்று அமெரிக்காவில் ஒலிபரப்பு விதி போடும் அமைப்பான எஃப்சிசி 2007 செப்டம்பரில் அனுமதி கொடுத்த பிறகு, நியூயார்க் மாநிலத்தில் ஏவன் என்ற ஊரின் 1040 நிலையம், போஸ்டனின் 1030-இலிருந்து வரும் டிஜிட்டல் சிக்னல் தன் நேயர்களையே கேட்கவிடாமல் செய்கிறது என்று அதே எஃப்சிசியிடம் முறையிட்டது. சொந்த ஊர் நேயருக்கே இந்தக் கதி என்றால், அதே அலைவரிசையில் எங்கோ தூரத்திலிருந்து மங்கலாக வருகிற நிலையத்தை நினைத்துப் பாருங்கள். அதன் பெயர் ஐந்து விநாடி தெளிவாகக் கேட்டால் போதும் என்று மணிக்கணக்காகக் காத்திருப்பவர்கள் நாங்கள்.

ஐரோப்பாவில் நடந்தது வேறு. ஜெர்மனியும் பிரான்சும் 2015 முடிவில் தங்கள் பெரிய மத்திய அலை டிரான்ஸ்மிட்டர்களை அணைத்தன. நார்வே 2017-இல் தேசிய நிலையங்களைப் பண்பலையிலிருந்து எடுத்து, முற்றிலும் வேறு பட்டையில் இயங்கும் டிஏபி என்ற டிஜிட்டல் முறைக்கு மாற்றிக்கொண்டது. பழகிய நிலையங்கள் போனதில் வருத்தம்தான், ஆனால் காலியான இடத்தில் அதுவரை அடியில் கிடந்த தூரத்து நிலையங்கள் மேலே வந்தன. டிஜிட்டலுக்குப் போகிறவர்கள் இப்படிப் போகட்டும், எனக்கு ஆட்சேபணையே இல்லை. அமெரிக்காவில் 2020-இல் அனுமதித்த முழு டிஜிட்டல் முறைகூட ஹைபிரிட்டைவிடக் குறைந்த இடத்தில் அடங்கிவிடுகிறது. என்ன, அதைத் தூரத்தில் பிடிப்பது கஷ்டம். சிக்னல் கொஞ்சம் இறங்கினால் டிஜிட்டல் மங்காது, மொத்தமாக நின்றுவிடும்.

எல்இடி விளக்கும் மலிவு சார்ஜரும் கூடத்தான் இரைச்சல் போடுகின்றன. அவற்றை எங்கள் வீட்டிலாவது அணைத்துக்கொள்ளலாம். ஊர் தாண்டி நிற்கிற டிரான்ஸ்மிட்டரை அப்படிச் செய்ய முடியாது.

நாங்கள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மத்திய அலையில் ஹைபிரிட் டிஜிட்டலைப் பகலோடு நிறுத்திக்கொண்டு, சூரியன் மறைந்ததும் அந்தப் பக்கப் பகுதிகளை மட்டும் அணைத்துவிடுங்கள், அனலாக் ஒலி அப்படியே போகட்டும். 2002-இல் முதலில் அனுமதித்தபோது எஃப்சிசி பகலுக்கு மட்டும்தானே கொடுத்தது? அடுத்த முறை டிஜிட்டல் வானொலி பற்றி எழுதும்போது, டிரான்ஸ்மிட்டர் தயாரிப்பவர்களிடமும் ஒலிபரப்பு விதி போடுபவர்களிடமும் இந்த ஒரு கேள்வியைக் கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலை அப்படியே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மத்திய அலை நேயர்