சுரங்க ரயில் பாதைகளில் கைப்பேசி சேவையையும் அதன் வேகத்தையும் உறுதிசெய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
மாநகரச் சுரங்க ரயிலில் அன்றாடம் பயணம் செய்வோர்

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
மாநகரப் போக்குவரத்துத் துறை

பொருள்: நிலையங்களுக்கு இடைப்பட்ட சுரங்கப் பகுதிகளில் எல்லா நிறுவனங்களின் கைப்பேசி சேவையும் கிடைக்கச் செய்தல், சேவையின் பரப்பையும் வேகத்தையும் ஓடும் ரயிலுக்குள் அளந்து வெளியிடுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். நம் மாநகரின் சுரங்க ரயில் நிலையங்களில் கைப்பேசி சேவை ஓரளவு நன்றாகவே கிடைக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். நடைமேடையில் நிற்கும்வரை பேச முடிகிறது, பணம் அனுப்ப முடிகிறது, பயணச்சீட்டும் எடுக்க முடிகிறது. ரயில் நடைமேடையை விட்டு நகர்ந்த சில விநாடிகளுக்குள் பேச்சு அறுந்துபோகிறது. அடுத்த நிலையத்தின் வெளிச்சம் கண்ணில் படும்போதுதான் சிக்னல் திரும்புகிறது. ஆனால் துறையின் அறிவிப்புகளிலும் சேவை நிறுவனங்களின் வரைபடங்களிலும் இந்த வழித்தடம் முழுவதுமே ‘சேவை உள்ள பகுதி’ என்று காட்டப்படுகிறது. நிலையத்தில் கிடைப்பதைச் சுரங்கத்தில் கிடைப்பதாகக் கணக்கில் சேர்க்கும் இந்த வழக்கத்தை நிறுத்தி, சுரங்கத்துக்குள் உண்மையிலேயே சேவை கிடைக்க ஆவன செய்யுமாறு தங்களைக் கேட்டுக்கொள்வதே இம்மனுவின் நோக்கம்.

அந்த வரைபடங்கள் பொய் என்று நாங்கள் சொல்லவில்லை. அவை தரைமட்டத்துக்கு மேலே சிக்னல் எப்படிப் பரவும் என்று கணினியில் கணக்கிட்டு வரையப்படுபவை. அந்தக் கணக்கில் சாலைக்கு அடியில் ஓடும் சுரங்கம் என்ற ஒன்றே கிடையாது. சாலையின் மேல் பூசிய வண்ணம் அதன் அடியில் ஓடும் ரயிலுக்கும் சேர்த்துப் பூசியதாகப் பயணிகளால் புரிந்துகொள்ளப்படுகிறது, புகார் கொடுக்கும்போதும் அதே வரைபடம்தான் பதிலாக வந்து சேர்கிறது.

பெட்டிக்குள் நடப்பதைச் சற்று விரிவாகச் சொல்வது அவசியம் என்று கருதுகிறோம். கதவு மூடும்போது திரையில் நான்கு கோடுகள் இருக்கும். ரயிலின் கடைசிப் பெட்டி சுரங்க வாயைத் தாண்டுவதற்குள் அவை ஒன்றாகக் குறைந்து, பின்னர் ‘சேவை இல்லை’ என்ற சொற்கள் தோன்றும். அதன்பின் கைப்பேசி சும்மா இருப்பதில்லை. கிடைக்காத டவரை மீண்டும் மீண்டும் தேடிக்கொண்டே இருப்பதால் பேட்டரி வேகமாக இறங்குகிறது. அடுத்த நிலையத்தில் கோடுகள் திரும்பினாலும் டேட்டா உடனே வருவதில்லை, ஏனென்றால் அந்த ஒரே ரயிலில் இருக்கும் நூற்றுக்கணக்கான கைப்பேசிகளும் அந்தக் கணத்திலேயே வலையமைப்பில் மறுபதிவு செய்ய முண்டியடிக்கின்றன. வரிசை நகர்ந்து நமக்கு இடம் கிடைப்பதற்குள் கதவு மூடிவிடுகிறது. நெரிசல் நேரத்தில் நான்கு கோடுகள் தெரிந்தும் ஒரு குறுஞ்செய்திகூடப் போகாததற்குக் காரணம் இதுதான். பயணிகள் தங்கள் கைப்பேசியையோ சிம் கார்டையோ குறை சொல்லிக்கொள்கிறார்கள், பாவம்.

இது தீர்க்க முடியாத இயற்கைத் தடை அல்ல. மண்ணும் பாறையும் கான்கிரீட்டும் தரைமேல் உள்ள டவரின் அலைகளை உள்ளே விடுவதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. நிலையத்தில் பொருத்திய ஆண்டெனாவின் அலைகள் வெறும் சுரங்கத்தில் கொஞ்ச தூரம் போகும். ஆனால் சுரங்கத்தின் குறுக்களவை ஏறக்குறைய முழுவதும் அடைத்துக்கொண்டு ஓர் உலோக ரயில் வரும்போது, அலைகள் நுழைய மிஞ்சுவது சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் உள்ள குறுகிய இடைவெளி மட்டுமே. வளைவு வந்தால் அதுவும் போயிற்று. ஆகவே நிலையத்து ஆண்டெனாக்களின் சக்தியைக் கூட்டினாலே போதும் என்று தங்களிடம் யாரேனும் திட்டம் கொடுத்தால், அது சுரங்கத்தின் நடுப்பகுதியை எட்டப்போவதில்லை என்பதைப் பணிவுடன் தெரிவிக்கிறோம்.

உலகில் சுரங்கச் சேவை ஒழுங்காக இயங்கும் நகரங்களில் பெரும்பாலும் கையாளப்படும் வழி, சுரங்கச் சுவரில் ரயிலின் ஜன்னல் உயரத்தில் நெடுக ஓடும் கசிவுக் கேபிள். சாதாரண கேபிள் தன்னுள் போகும் சிக்னலை வெளியே விடாது. இதன் மேலுறையில் சீரான இடைவெளியில் வெட்டப்பட்ட துளைகள் வழியே சிக்னல் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும், சொட்டுநீர்ப் பாசனக் குழாயைப் போல. ஜன்னலுக்கு நேர் எதிரே கேபிள் இருப்பதால் ரயில் அடைத்துக்கொள்வது என்ற பிரச்சினையே எழாது. கேபிளின் நீளம் கூடக்கூடச் சிக்னல் தேயும் என்பதால், குறிப்பிட்ட தொலைவுக்கு ஒருமுறை ஒளியிழை வழியே இணைக்கப்பட்ட கருவிகளை வைத்து அதற்கு வலுவூட்ட வேண்டியிருக்கும்.

இங்கே வேகம் பற்றி ஒரு வார்த்தை. சிக்னல் கிடைப்பதற்கு ஒரு கேபிள் போதும்; வேகம் கிடைப்பதற்குப் போதாது. இன்றைய 4ஜி, 5ஜி கைப்பேசிகள் ஒரே நேரத்தில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பாதைகளில் தரவைப் பெற்றுத்தான் அந்த வேகத்தை எட்டுகின்றன. ஒற்றைக் கேபிளில் அந்த வசதியைப் பெரும்பாலும் இழந்துவிடுகிறோம். உயர்ந்த அலைவரிசைகளில் கேபிளின் இழப்பும் அதிகம், மிகப் பருமனான கேபிள்களோ அந்த அலைவரிசைகளை ஏற்பதே இல்லை. ஆகவே எந்தக் கேபிள், எத்தனை கேபிள் என்பதை முதலிலேயே தீர்மானிக்க வேண்டும். ரயில் நின்றபின் இரவில் கிடைக்கும் சில மணி நேரத்தில், மின்சாரத்தை நிறுத்தி, ஆட்களை இறக்கி, விடிவதற்குள் ஏற்றிவிட வேண்டிய இந்தப் பணியில், ஒரு கேபிளைக் கட்டி முடித்துவிட்டுச் சில ஆண்டுகள் கழித்து இரண்டாவதுக்கு அதே சுவரில் மீண்டும் ஏறுவதைவிட வீண்செலவு வேறில்லை. புதிதாகத் தோண்டப்படும் வழித்தடங்கள் இருந்தால், தண்டவாளம் போடும் காலத்திலேயே இதற்கான தாங்கிகளைப் பொருத்திவிடுவது எல்லாவற்றிலும் மலிவு.

பயணிகளின் பாதுகாப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எங்களில் சிலர் பயணம் செய்த ரயில் ஒன்று அண்மையில் இரண்டு நிலையங்களுக்கு நடுவே நின்றுவிட்டது. ஒரு முதியவர் மயங்கிச் சரிந்தார். அவசர இண்டர்காமை அழுத்தியவருக்கு ஓட்டுநரின் குரல் கேட்டது. ஆனால் முதியவரின் மகள் மருத்துவரிடம் கேட்டுச் சொல்லியிருக்கக்கூடிய மருந்தின் பெயரை அந்த இண்டர்காம் வழியே கேட்க வழியில்லை. நின்றிருந்தவர்கள் ஆளுக்கொரு நிறுவனத்தின் கைப்பேசியை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தார்கள். ஒன்றிலும் சிக்னல் இல்லை. அவசர எண்ணுக்கான அழைப்பை எந்த நிறுவனத்தின் டவர் கிடைத்தாலும் அதன் வழியே அனுப்பும் ஏற்பாடு கைப்பேசிகளில் இருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். ஒரு டவரும் கிடைக்காத இடத்தில் அந்த ஏற்பாட்டுக்கு வேலையே இல்லை. இண்டர்காமில் பேச முடியாத காது கேளாதோரையும் வாய் பேச இயலாதோரையும் பற்றி நாங்கள் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

2003 பிப்ரவரி 18 அன்று தென்கொரியாவின் தேகு நகரச் சுரங்க ரயிலில் வைக்கப்பட்ட தீயில் 192 பேர் இறந்தனர். நிலையத்துக்குள் நடந்த அந்த விபத்தில், எரியும் ரயிலுக்கு எதிர்த்திசையில் வந்து நின்ற இரண்டாவது ரயிலில் இருந்தவர்களே அதிகம் மாண்டார்கள். பெட்டிக்குள் சிக்கியவர்கள் பலர் கைப்பேசியில் வீட்டாரை அழைத்துப் பேசினார்கள். லண்டனில் 2005 ஜூலை 7 அன்று மூன்று சுரங்க ரயில்களில் குண்டுகள் வெடித்தபோது, அடியில் இருந்த மீட்புப் பணியாளர்களின் கம்பியில்லாத் தொடர்புக் கருவிகள் மேலே எட்டாமல், செய்தி சொல்ல ஆட்களே ஓட வேண்டியிருந்ததை லண்டன் பேரவையின் விசாரணை அறிக்கை பதிவு செய்தது. பயணிகளின் கைப்பேசிக்காகச் சுவரில் ஏற்றப்படும் அதே கட்டமைப்பில் தீயணைப்பு, காவல், மருத்துவ ஊர்திப் பணியாளர்களின் தொடர்பையும் சேர்த்துக் கொண்டுசெல்ல முடியும் என்பதால், இதை வெறும் பொழுதுபோக்கு வசதியாகக் கருதி வரிசையின் கடைசியில் வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

லண்டன் அந்தப் பாதையில்தான் இறங்கியது. 2020 மார்ச்சில் ஜூபிலி வழித்தடத்தில் வெஸ்ட்மின்ஸ்டருக்கும் கேனிங் டவுனுக்கும் இடையே நிலையங்களிலும் சுரங்கத்திலும் 4ஜி தொடங்கப்பட்டது. 2021இல் ஒரே நிறுவனத்துக்கு 20 ஆண்டு உரிமம் அளிக்கப்பட்டு, அது கட்டும் பொதுக் கட்டமைப்பில் எல்லாச் சேவை நிறுவனங்களும் இணைவது என்று ஏற்பாடானது. 2024 முடிவுக்குள் முடிப்பதாகச் சொன்ன பணி அதற்குள் முடியவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம். இரவு வேலையின் கடினம் அப்படிப்பட்டது. நியூயார்க்கில் 2017 தொடக்கத்திலேயே சுரங்க நிலையங்களில் சேவை வந்துவிட்டது, சுரங்கங்களுக்கான பெரிய ஒப்பந்தத்துக்கு 2022இல்தான் ஒப்புதல் கிடைத்தது. நிலையத்தோடு நின்றுவிட்டால் அடுத்த அடி எடுத்துவைக்க எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எங்கள் பார்வையில் எல்லாவற்றிலும் அதிகம் கவனிக்க வேண்டியது டொரொன்டோவில் நடந்ததே. அங்கே 2012இல் சுரங்கக் கட்டமைப்புக்கு ஒரு நிறுவனத்துடன் ஒப்பந்தம் போடப்பட்டது. நிலையங்களிலும் சில சுரங்கப் பகுதிகளிலும் கட்டமைப்பு உருவானது, ஆனால் பெரிய சேவை நிறுவனங்கள் அதில் சேர மறுத்துவிட்டதால் ஒரு சிறிய நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் மட்டுமே பல ஆண்டுகள் அங்கே பேச முடிந்தது. கட்டமைப்பு இருந்தும் பெரும்பாலான பயணிகளுக்குச் சேவை இல்லை. 2023 செப்டம்பரில் கனடாவின் மத்திய அமைச்சர் அலைவரிசை உரிம நிபந்தனைகளிலேயே கைவைத்து, எல்லா நிறுவனங்களும் சேவை தர வேண்டும் என்று கட்டாயப்படுத்திய பிறகுதான் நிலைமை மாறியது. கட்டுவதற்கு ஒப்பந்தம் போட்டவர்கள் சேருவதற்கு நிபந்தனை போடாமல் விட்டதன் விளைவு இது.

ஆகவே நம் மாநகரில் ஒப்பந்தம் எழுதும்போது, கட்டும் நிறுவனம் எல்லாச் சேவை நிறுவனங்களையும் ஒரே அளவான, வெளிப்படையான கட்டணத்தில் அனுமதிக்க வேண்டும் என்றும், அந்நிறுவனங்கள் குறித்த காலத்துக்குள் இணைய வேண்டும் என்றும் சேர்த்தே எழுதுமாறு வேண்டுகிறோம். சுரங்க இடத்துக்கான வாடகையை வருவாயாக மட்டும் பார்த்து மிக உயர்த்தி வைத்தால், நிறுவனங்கள் நிலையத்தோடு நின்றுகொள்ளும். நிறுவனங்கள் குறித்த காலத்துக்குள் இணைவதை உறுதிசெய்யும் அதிகாரம் தங்கள் துறையிடம் முழுமையாக இல்லாமல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பிடம் இருக்கலாம். அப்படியானால் துறையே முன்னின்று அவர்களுக்கு எழுத வேண்டும், ஏனெனில் பயணிகள் தனித்தனியே எழுதும் கடிதங்கள் இரு அலுவலகங்களுக்கு நடுவே இங்கும் அங்கும் போய்வந்துகொண்டிருப்பதே இதுவரை கண்ட பலன்.

அதைவிட உடனே செய்யக்கூடியது அளவீடு. இதற்கு ஒரு மீட்டர் கேபிள்கூட வேண்டியதில்லை. ஒவ்வொரு இரு நிலையங்களுக்கும் இடையே, ஓடும் ரயிலுக்குள், காலை மாலை நெரிசல் நேரங்களிலும் நெரிசலற்ற நேரத்திலும், எல்லா நிறுவனங்களின் சிக்னலையும், பதிவிறக்க, பதிவேற்ற வேகங்களையும், தொடங்கிய அழைப்பு அறுந்ததா என்பதையும் அளந்து, பகுதிவாரியாக வெளியிட வேண்டும். வழித்தடம் முழுவதற்கும் ஒரு சராசரி போட்டுக் காட்டினால் அது எங்களுக்கு உதவாது. நிலையங்களின் நல்ல வேகம் சுரங்கத்தின் சுழியத்தை விழுங்கிவிடும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ரயில் விநாடிக்கு 22 மீட்டருக்கு மேல் போய்விடுகிறது. சுரங்கத்தில் சிக்னல் தரும் ஒரு கருவியின் எல்லையிலிருந்து மற்றொன்றின் எல்லைக்கு அழைப்பு கைமாறச் சில விநாடிகள் ஆகும் என்றால், அந்த இடத்தில் இரண்டு சிக்னல்களும் நூறு மீட்டர் அளவுக்காவது ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்க வேண்டும். அது படிந்திருக்கிறதா என்பது நடைமேடையில் நின்று அளப்பவருக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை.

நிலையங்களில் வைஃபை இருக்கிறதே என்ற பதிலை முன்பு பெற்றிருக்கிறோம். வைஃபை நடைமேடையோடு முடிகிறது, பல இடங்களில் ஒவ்வொரு முறையும் உள்நுழைய வேண்டியிருக்கிறது, அவசர அழைப்புக்கு அதை நம்பவும் முடியாது. சுரங்கத்திலாவது சத்தமின்றிப் பயணம் செய்யலாம், சிக்னல் வந்தால் எல்லோரும் உரக்கப் பேசத் தொடங்கிவிடுவார்கள் என்று கவலைப்படும் பயணிகளும் எங்களிடையே உண்டு. அவர்கள் கவலையில் நியாயம் இருக்கிறது, ஆனால் அது அறிவிப்பாலும் பழக்கத்தாலும் தீர்க்க வேண்டியது.

மேற்கண்டவற்றைப் பரிசீலித்து, முதற்கட்டமாக மேலே சொன்ன அளவீட்டுக்கு உத்தரவிட்டு அதன் முடிவுகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்குமாறும், வரைபடங்களில் நிலையத்தையும் சுரங்கத்தையும் தனித்தனியே காட்டச் செய்யுமாறும், எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான கசிவுக் கேபிள் கட்டமைப்புக்கான திட்டத்தை இரட்டைக் கேபிளுடன் தயாரித்து, அதில் அவசரப் பணியாளர்களின் தொடர்பையும் சேர்த்து, எந்தப் பகுதி எப்போது முடியும் என்ற கால அட்டவணையோடு அறிவிக்குமாறும் தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். பணியைப் பிரித்துச் செய்ய நேர்ந்தால், நிலையங்களுக்கு இடையே நீண்ட தொலைவு உள்ள பகுதிகளையும், ரயில்கள் பாதைச் சமிக்ஞைக்காக அடிக்கடி நடுவழியில் நிற்கும் பகுதிகளையும் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டுகிறோம். அளவீட்டின்போது பயணிகள் தரப்பில் யாரேனும் உடனிருக்க வேண்டும் எனத் துறை கருதினால், எங்களில் சிலர் எந்த நேரத்திலும் வரத் தயாராக இருக்கிறோம்.

இம்மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்து மூலம் எங்களுக்குத் தெரிவிக்குமாறு வேண்டுகிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மாநகரச் சுரங்க ரயில் பயணிகள்