உடைந்த கோப்பையும் உலா வரும் படமும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

புதுக் கோப்பைகள் சூளையிலிருந்து இறங்கினால்தான் உங்களுக்கு எழுதுவது வழக்கம். இந்த மடல் அதற்கில்லை. எதற்கு என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். உடைந்த கோப்பையின் படம் ஒன்று இரண்டு வாரமாகக் கைமாறிக்கொண்டே இருக்கிறது. நீலப் பூச்சு, பிடி தனி, உடல் இரண்டு துண்டு. எங்கள் கோப்பைதான், மறுக்கவில்லை. வாங்கியவருக்கு வேறு கோப்பை அனுப்பி, அது முழுசாகவே போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் படத்தோடு ஒரு வரியும் ஒட்டிக்கொண்டு சுற்றுகிறது: விரிசல் விட்ட கழிவுகளை எல்லாம் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டு, கூரியர் மேல் பழியைப் போடுகிறோமாம்.

தாமதம் என்று திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். போனை எடுப்பதில்லை என்கிறீர்களா, பல நாள் உண்மைதான். இந்த ஒரு வரி மட்டும் தொண்டையை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. அதனால் இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கோப்பையும் பெட்டிக்குள் போகும் முன் அதை உள்ளங்கையில் நிறுத்தி, விளிம்பை நகத்தால் சுண்டுவோம். நல்ல கோப்பை 'ணங்' என்று இழுத்து ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் இருந்தால்கூட 'டொக்' என்று சத்தம் அங்கேயே செத்துவிடும். சந்தேகமாக இருந்தால் இரண்டு பேர் மாறி மாறிச் சுண்டிக் காது கொடுப்போம். டொக் என்றவை பின்கட்டில் இருக்கும் வாளிக்குப் போகும். வாளி நிறைந்தால் உடைத்துச் செடித் தொட்டிகளின் அடியில் போட்டுவிடுவோம். விரிசல் விட்டதை விற்றுப் பிழைக்கிறவர்களுக்கு அந்த வாளி எதற்கு?

அந்தப் படத்தையே பெரிதாக்கிப் பாருங்கள். கோப்பை மேல் கண்ணாடி மாதிரி இருக்கிற பூச்சைத்தான் மெருகு என்போம். சூளையில் அது உருகும் முன்பே விட்ட விரிசலாக இருந்தால், அதன் ஓரத்தில் மெருகு வழிந்து மழுங்கிப் போயிருக்கும். படத்தில் ஓரம் கத்தி மாதிரி இருக்கிறது, உள்ளே மண் வெள்ளையாகத் தெரிகிறது. சூளை ஆறும்போது விடுகிற விரிசலும் கூர்மையாகத்தான் இருக்கும், அதை நானே சொல்லிவிடுகிறேன், நாளைக்கு வேறு யாராவது சொல்வதற்கு முன். ஆனால் அதைத்தான் நகம் காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் கோப்பையைச் சுண்டியது நான். காலையில் முதலில் கட்டிய பெட்டி அது.

சரி, அப்படியானால் எங்கே உடைந்தது? வழியில்தான். எந்த இடத்தில் என்று எனக்கும் தெரியாது, கூரியர்காரர்களுக்கும் தெரியாது. ஒரு பார்சல் எங்கள் கையை விட்டுப் போனபின் மூட்டையாகி, லாரி ஏறி, ஹப் என்கிற பிரிப்புக் கிடங்கில் கொட்டி, பெல்ட்டில் ஓடி, சரிவில் சறுக்கி, மறுபடி மூட்டையாகி, கடைசியில் ஒரு பைக்கின் பையில் உட்கார்கிறது. இந்த வழியில் அது எப்படியும் சில தடவை விழும் என்று வைத்துக்கொண்டுதான் பெட்டி கட்ட வேண்டும். ஐஎஸ்டிஏ என்கிற பன்னாட்டு அமைப்பு பார்சல் கட்டுகிறவர்களுக்கு ஒரு சோதனை வைத்திருக்கிறது: 10 கிலோவுக்குக் குறைந்த பெட்டியை 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து 10 தடவை கீழே போட வேண்டும். ஒரு மூலை, மூன்று விளிம்பு, ஆறு பக்கம். 76 சென்டிமீட்டர் என்றால் கிட்டத்தட்ட ஒரு மேசை உயரம். படம் பரவிய அன்று இரவு எங்கள் மேசையிலிருந்து பழைய பெரிய அளவிலும் புதுச் சிறிய அளவிலுமாகப் பத்துப் பெட்டிகளை இப்படிப் போட்டுப் பார்த்தோம். பழைய பெட்டியில் ஒன்றும் உடையவில்லை. புதுப் பெட்டியில் மூன்று உடைந்தது.

புதுப் பெட்டி எப்படி வந்தது என்று கேட்பீர்கள். கூரியரில் எடை என்பது தராசு காட்டுகிற எடை மட்டும் இல்லை. பெட்டியின் நீள, அகல, உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000-ஆல் வகுப்பார்கள். அதில் வருகிற கிலோவும் தராசு எடையும் எது அதிகமோ, அதற்குத்தான் பில். எங்கள் பழைய பெட்டி 30, 20, 20. பெருக்கினால் 12,000, வகுத்தால் 2.4 கிலோ. உள்ளே இருக்கிற இரண்டு கோப்பையும் காகிதமும் அட்டையும் சேர்ந்து ஒரு கிலோகூட வராது. அதாவது, கோப்பையைச் சுற்றி நாங்கள் விட்ட காலி இடத்துக்குத்தான் பாதிக்கு மேல் கட்டணம். உடையும் பொருளைச் சுற்றி ஐந்து சென்டிமீட்டராவது மெத்தை வேண்டும் என்பது பெட்டி கட்டுகிற எல்லோருக்கும் தெரியும். அந்த ஐந்து சென்டிமீட்டரைத்தான் பில் தின்கிறது. எரிபொருள் கூடுதல் கட்டணம், தொலைதூரக் கட்டணம் என்று ஒவ்வொன்றாக ஏறியபோது பெட்டியை ஒரு சுற்றுச் சிறிதாக்கினோம். அதே சமயத்தில்தான் விலை குறைந்த கூரியருக்கும் மாறினோம், உங்களிடம் வாங்கிய டெலிவரி கட்டணம் பழையபடியே இருந்தது.

'உடையும் பொருள்' ஸ்டிக்கர் ஒட்டவில்லையா என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். ஒட்டுகிறோம். பெட்டிகளின் மேல் போடும் குறிகளுக்கான ஐஎஸ்ஓ 780 தரத்தில் சொல்லியிருக்கிற, 'உடையும்' என்று காட்டும் கோப்பைச் சின்னம்கூட அச்சடித்திருக்கிறோம். பெல்ட்டுக்குப் படிக்கத் தெரியாது, அது பார்கோடு மட்டும்தான் பார்க்கும். ஸ்டிக்கர் கடைசியில் ஒரு மனிதர் கையில் எடுக்கும்போதுதான் வேலை செய்கிறது, அதுவும் அவருக்கு நேரம் இருந்தால்.

நேரம் என்றதும் அடுத்த புகாருக்கு வருகிறேன். காலில் மாவுக்கட்டோடு மூன்று வாரமாகக் கட்டிலை விட்டு இறங்காத எங்கள் வாடிக்கையாளர் ஒருவருக்கு, தொடர்ந்து நான்கு நாள் 'வாடிக்கையாளர் வீட்டில் இல்லை' என்று செய்தி வந்தது. "நான் எங்கே போயிருக்கிறேன் என்று அவர்களிடமே கேட்டுச் சொல்லுங்கள்" என்று எனக்கு எழுதினார். சிரிப்பதா வெட்கப்படுவதா என்று தெரியவில்லை. இன்னொருவருக்கு 'டெலிவரி செய்யப்பட்டது' என்று படத்தோடு வந்தது. படத்தில் பச்சை கேட், அதன் கீழே எங்கள் பெட்டி. அவர் வீட்டில் கேட்டே கிடையாது. அவர் அந்தப் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாகப் பச்சை கேட்டைத் தேடி, மூன்றாவது தெருவில் பார்சலைக் கண்டுபிடித்துவிட்டார். கூரியர் வேலையை நீங்களே செய்ததற்கு நான் நன்றி சொன்னால் குத்தலாக இருக்கும். ஆனாலும் சொல்கிறேன்.

இது ஏன் நடக்கிறது என்று விசாரித்ததில் தெரிந்தது இதுதான். மலிவான கூரியர்களில் கொண்டுவந்து கொடுக்கிறவருக்குப் பல இடங்களில் மாதச் சம்பளம் இல்லை, பார்சலுக்கு இவ்வளவு என்று கணக்கு. பெட்ரோலும் பைக்கும் அவருடையது. பையிலுள்ள எல்லாவற்றையும் அன்றைக்கே முடிக்க முடியாது என்று சாயங்காலம் தெரிந்துவிடும். மீதிக்கு ஒரு காரணம் பதிந்தாக வேண்டும். 'எனக்கு நேரம் போதவில்லை' என்று ஒரு பொத்தான் அந்த ஆப்பில் இருக்குமா என்ன? 'ஆள் இல்லை' இருக்கும். உங்கள் வாசலில் அவர் நிற்கிற அரை நிமிடத்தை மிச்சம் பிடித்துத்தான் எல்லோருக்கும் விலை குறைகிறது. அதனால் வாசலில் வருகிற பையனைத் திட்டாதீர்கள், எங்களைத் திட்டுங்கள். அந்தக் கூரியரைத் தேர்ந்தெடுத்தது நாங்கள்.

நஷ்ட ஈடு வாங்கலாமே என்றால், விதிமுறைத் தாளில் கண்ணாடி, பீங்கான், மண்பாண்டம் மூன்றும் பொறுப்பில்லாத பட்டியலில் இருக்கின்றன. கையெழுத்துப் போடும்போது படித்தேனா என்று கேட்காதீர்கள். தொலைந்துபோனால் மட்டும் கொஞ்சம் தருவார்கள், அதற்கும் குறிப்பிட்ட நாட்களுக்குள் எழுத வேண்டும். நீங்கள் 'பத்து நாளாக அதே இடத்தில் நிற்கிறது' என்று சொல்லும்போது எங்களுக்கு நாள் தாண்டியிருக்கும். ஆகவே, மூன்று நாள் டிராக்கிங் நகராமல் நின்றாலே எங்களுக்கு ஒரு வரி அனுப்பிவிடுங்கள்.

பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுக்கச் சொல்கிறோமே, அது உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று தெரியும். உங்களை நம்பாமல் கேட்கவில்லை. கூரியரிடம் காட்ட வேறு ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். இனிமேல் வீடியோ கட்டாயம் இல்லை. உடைந்த துண்டின் படமும், பெட்டியின் வெளிப்பக்கப் படமும் போதும்.

இன்னொன்று, இதற்கு நடுவில் சிலருக்கு 'உங்கள் பார்சல் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது, முகவரியைச் சரிசெய்ய இந்த இணைப்பில் சிறு தொகை கட்டவும்' என்று குறுஞ்செய்தி வந்திருக்கிறது. அது எங்களுடையது இல்லை, தொடாதீர்கள். பார்சல் கிளம்பியபின் பணம் கேட்டு நாங்கள் எப்போதும் எழுதுவதில்லை.

எங்கள் பேக்கிங் அக்கா விலகியதும் இந்தச் சமயத்தில்தான். ஆறு வருடம் இருந்தார், மகள் வீட்டோடு போய்விட்டார். அவர் கட்டிய பெட்டியைக் குலுக்கினால் உள்ளே ஒரு சத்தம் கேட்காது. பிடிக்கு உள்ளே காகிதத்தைச் சுருட்டித் திணிப்பது அவருடைய கண்டுபிடிப்பு. முதலில் உடைவது பிடிதான் என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் போனபின் நானும் தம்பியும் கட்டினோம். சுண்டத் தெரிந்த எனக்குத் திணிக்கத் தெரியவில்லை போலிருக்கிறது. அக்காவிடம் வீடியோ அழைப்பில் பாடம் கேட்டுப் பழகிக்கொண்டோம்.

இப்போது பழைய பெட்டியே திரும்ப வந்துவிட்டது. கோப்பைக்குத் தனி அட்டைப்பெட்டி, அதைச் சுற்றி மெத்தை, வெளியே இன்னொரு பெட்டி. கூரியரையும் மாற்றியாயிற்று. புதியவர்கள் சொர்க்கத்திலிருந்து வந்தவர்கள் இல்லை, ஆனால் போனில் ஒரு மனிதர் பேசுகிறார், வாசலில் ஓடிபி கேட்டுத்தான் கொடுக்கிறார்கள். அவசரமில்லாதவர்கள் பத்துப் பன்னிரண்டு நாள் காத்திருந்தால், வாரம் ஒரு முறை சேர்த்து அனுப்புகிற வழியும் வைத்திருக்கிறோம். டெலிவரி கட்டணம் அடுத்த மாதத்திலிருந்து கொஞ்சம் மாறும், ஆர்டர் பக்கத்தில் இருக்கிறது.

உடைந்து வந்தும் "பரவாயில்லை, பேனா போட்டு வைத்துக்கொள்கிறேன்" என்று எழுதியவர்கள் இருக்கிறீர்கள். அந்தப் படம் பரவிய இடங்களில் எங்களுக்காகப் பேசியவர்கள் இருக்கிறீர்கள், அதில் சிலருக்கு எங்கள் கையால் கிடைத்ததே தாமதமான பார்சல்தான். உங்கள் பெயர்களை எழுதி மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அடுத்த சூளையில் உங்களுக்கென்று ஆளுக்கு ஒரு சின்னக் கிண்ணம் போட்டிருக்கிறோம், வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

இந்த நிமிடம் வழியில் சிக்கியிருப்பது 11 பார்சல். அந்த 11 பேருக்கும் பழைய பார்சல் வரும் வரை காத்திருக்காமல் புதிதாகக் கட்டி நாளை அனுப்புகிறோம். அப்புறம் பழையதும் வந்து சேர்ந்தால் திருப்பி அனுப்ப வேண்டாம். அதை மறுபடி ஒரு கூரியரில் ஏற்ற எனக்கு மனசு வரவில்லை.

அன்புடன்,
உங்கள் கோப்பைக் கடைக்காரர்