தலைமடையும் கடைமடையும்: அண்ணன் மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மருமகளே,

பொங்கலுக்கு வந்திருந்தபோது திண்ணையில் உட்கார்ந்து தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாய். நடுவில் நிமிர்ந்து, "பக்கத்து நாடுன்னாலே பகைதான் அத்தை, பங்காளிச் சண்டை மாதிரி. ரெண்டும் பெரிய நாடா இருந்துட்டா தீரவே தீராது" என்றாய். அப்போது நான் பதில் சொல்லவில்லை. அன்று முதல் அந்தப் பேச்சு என் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

பிரேசில், அர்ஜென்டினா என்றால் உனக்குக் கால்பந்துதான் நினைவுக்கு வரும். தென் அமெரிக்காவின் பெரிய நாடுகள் இரண்டும் இவைதாம். 1825 முதல் 1828 வரை இவர்களுக்குள் ஒரு போர் நடந்தது. சண்டையிட்ட நிலம் இருவருக்கும் கிடைக்காமல், உருகுவே என்ற தனி நாடாயிற்று. 1851-52-இல் இன்னொரு முறை மோதினார்கள். அதற்குப் பிறகு இவர்கள் நேருக்கு நேர் போரிடவே இல்லை. ஆனாலும் நூறு ஆண்டுகளுக்கு மேல், என்றைக்கோ வரப்போகும் போருக்காகவே இரண்டு ராணுவங்களும் வாழ்ந்தன. அந்தப் போரின் பெயரால் உள்ளூரில் நடந்ததைத்தான் நீ முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1910-இல் பிரேசில் ஒரு பெரும் போர்க்கப்பலை இங்கிலாந்தில் கட்டி வாங்கியது. பெயர் மினாஸ் ஜெராய்ஸ். 12 அங்குல வாயுள்ள பீரங்கிகள் 12. கூடவே சாவ் பாவ்லோ என்று இன்னொரு கப்பல். அர்ஜென்டினா பதறிப்போய் அமெரிக்காவில் இரண்டு கப்பல்களுக்கு உத்தரவு கொடுத்தது. சிலியும் சும்மா இருக்கவில்லை. பிரேசிலில் அடிமை முறையை 1888-லேயே ஒழித்துவிட்டார்கள் என்று படித்திருப்பாய். ஆனால் கடற்படையில் சவுக்கு மட்டும் ஒழியவில்லை. அடிவாங்கிய மாலுமிகளில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அந்த நவம்பரில் ஒரு மாலுமிக்கு 250 சவுக்கடி விழுந்தது. மாலுமிகள் பொறுத்தது போதும் என்று கப்பல்களைக் கைப்பற்றினார்கள். ஜுவாவ் கான்டிடோ என்பவர் தலைமை. அர்ஜென்டினாவை மிரட்டுவதற்காக வாங்கிய பீரங்கிகள் தலைநகர் ரியோவை நோக்கித் திரும்பி நின்றன. சவுக்கடியை நிறுத்துங்கள் என்பதுதான் அவர்கள் முதலில் கேட்டது. மன்னிப்பு தருவதாக அரசு வாக்குக் கொடுத்தது. அவர்கள் கப்பலை ஒப்படைத்த பிறகு வாக்கை மீறியது. ஜுவாவ் கான்டிடோவை அடைத்த பாதாள அறையில் 18 பேர் இருந்தார்கள். சுண்ணாம்புத் தூள் மூச்சை அடைத்து 16 பேர் செத்தார்கள். அவர் பிழைத்தார். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்தது தண்ணீர். இது உனக்குச் சொல்லாமலே புரியும். பரானா ஆற்றில் பிரேசில் தலைமடை, அர்ஜென்டினா கடைமடை. பிரேசிலும் பராகுவேயும் சேர்ந்து இதைப்பு அணையைக் கட்ட 1973-இல் ஒப்பந்தம் போட்டன. இன்று அது 14,000 மெகாவாட் மின்சாரம் தரக்கூடிய அணை. போர் வந்து மதகைத் திறந்துவிட்டால் புவனோஸ் அயர்ஸ் முழுகிப்போகும் என்று அர்ஜென்டினாவில் பேச்சு கிளம்பியது. கீழே தாங்கள் கட்ட நினைத்த அணைக்கு என்ன கதி என்ற கவலை வேறு. 1979-இல் மூன்று நாடுகளும் உட்கார்ந்து, நீர்மட்டம் எவ்வளவு, ஒரே நேரத்தில் எத்தனை டர்பைன்கள் ஓடலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டன. அப்போது எங்கும் ராணுவ ஆட்சிதான். 1980-இல் பிரேசிலின் தளபதி அதிபர் புவனோஸ் அயர்ஸ் போய் அணுசக்தி ஒத்துழைப்புக்கும் ஒப்பந்தம் போட்டார். முதல் அடிகளில் சில தளபதிகள் எடுத்து வைத்தவை. அதை மறைத்து உனக்குக் கதை சொல்ல எனக்கு விருப்பமில்லை.

ஆனால் அதே தளபதிகளின் இன்னொரு கூட்டுறவையும் நீ பார்க்க வேண்டும். ஒருவர் நாட்டின் மேல் இன்னொருவர் படையெடுக்கும் திட்டம் அலமாரியில் இருக்க, 'கான்டோர் நடவடிக்கை' என்ற பெயரில் எல்லை தாண்டி ஓடிய அரசியல் எதிரிகளைப் பிடிக்க இவர்கள் உளவுத் துறைகள் கைகோத்தன. சிலியும் உருகுவேயும் பராகுவேயும் பொலிவியாவும் அதில் உண்டு. அர்ஜென்டினாவில் காணாமல் போனவர்கள் கிட்டத்தட்ட 9,000 பேரை அரசு விசாரணைக் குழுவே பதிவு செய்தது. மனித உரிமை அமைப்புகள் 30,000 என்கின்றன. அண்டை நாட்டுக்காரன் எதிரி என்று ஊருக்குச் சொன்னவர்கள், சொந்தப் பிள்ளைகளைப் பிடிக்க அதே அண்டை நாட்டுக்காரனிடம் உதவி கேட்டார்கள்.

இரண்டு நாடுகளிலும் அணு ஆராய்ச்சி நடந்தது, பாதி மறைவாக. 1983 நவம்பரில், ராணுவம் ஆட்சியை விட்டு இறங்கச் சில வாரமே இருக்கும்போது, பட்டகோனியாவின் பில்கனியேயு என்ற இடத்தில் யுரேனியம் செறிவூட்டும் நுட்பம் (அணு உலைக்கும் உதவும், குண்டுக்கும் உதவும்) கைவந்துவிட்டதாக அர்ஜென்டினா அறிவித்தது. பிரேசிலில் கடற்படை தனியாக அதே வேலையைச் செய்துகொண்டிருந்தது. அணுகுண்டுப் போட்டிக்கு இதைவிட வசதியான தொடக்கம் வேண்டுமா?

அது நடக்கவில்லை. ரவுல் அல்ஃபோன்சின் 1983 டிசம்பரில் தேர்தல் வழியாக அர்ஜென்டினாவின் அதிபரானார். பிரேசிலில் 21 ஆண்டு ராணுவ ஆட்சிக்குப் பிறகு தேர்வான டான்கிரெடோ நெவெஸ், பதவியேற்கும் முன்பே நோயில் விழுந்து 1985 ஏப்ரலில் இறந்தார். துணை அதிபர் ஜோசே சார்னே அந்த இடத்துக்கு வந்தார். 1985 நவம்பர் 30 அன்று இருவரும் எல்லையிலுள்ள இகுவாசுவில் சந்தித்து, அணுசக்தி அமைதிக்கே என்று கூட்டாக அறிவித்தார்கள். சார்னே அழைக்க, எந்த அணையைச் சொல்லித் தன் நாட்டு மக்களைப் பயமுறுத்தினார்களோ அந்த இதைப்பு அணையின் மேலேயே அல்ஃபோன்சின் ஏறி நின்றார்.

ஒன்பதாவது நாள், டிசம்பர் 9. புவனோஸ் அயர்ஸ் நீதிமன்றம், நாட்டை ஆண்ட ராணுவத் தலைவர்கள்மீது தீர்ப்புச் சொன்னது. விதேலாவுக்கும் மஸேராவுக்கும் ஆயுள் தண்டனை. இந்த இரண்டு தேதிகளையும் உன் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொள், கண்ணு. புத்தகங்களில் ஒன்று வெளியுறவுப் பாடத்தில் இருக்கும், மற்றது மனித உரிமைப் பாடத்தில் இருக்கும். எனக்கு இரண்டும் ஒரே வேலையாகத்தான் படுகின்றன.

பிறகு நடந்ததெல்லாம், வீட்டுக்கு வந்து போகிற மாதிரி. 1987 ஜூலையில் சார்னே பில்கனியேயுவுக்குப் போய்ச் சுற்றிப் பார்த்தார். செப்டம்பரில் பிரேசிலும் செறிவூட்டலில் வெற்றி கண்டதாக அறிவித்தது. ஊருக்குச் சொல்லும் முன் அல்ஃபோன்சினுக்குச் சொல்லி அனுப்பினார்கள். 1988 ஏப்ரலில் அல்ஃபோன்சின் பிரேசில் கடற்படையின் அரமார் அணு மையத்துக்கே போனார். முழு நம்பிக்கை வரட்டும் என்று இவர்கள் காத்திருக்கவில்லை. பயப்படுகிற பொருள் எதுவோ, அதை நேரில் காட்டினார்கள்.

1991-இல் மெர்கோசூர் வணிகக் கூட்டணி வந்தது. அதே ஆண்டு அணுப்பொருள்களைக் கணக்கெடுக்கும் இருநாட்டு அமைப்பும் பிறந்தது. அபாக் என்பார்கள், தலைமையகம் ரியோவில். பிரேசிலின் நிலையங்களை அர்ஜென்டினா ஆய்வாளர்கள் போய்ப் பார்ப்பார்கள், அர்ஜென்டினாவின் நிலையங்களைப் பிரேசில்காரர்கள் போய்ப் பார்ப்பார்கள். வணிகத்தில் மனக்கசப்பு வந்திருக்கிறது. அதிபர்கள் ஒருவரை ஒருவர் திட்டிப் பேச்சுவார்த்தையே இல்லாமலும் இருந்திருக்கிறார்கள். ஆய்வாளர்களின் போக்குவரத்து நிற்கவில்லை.

அட்லஸில் இகுவாசு ஆறு பரானாவில் வந்து விழும் இடத்தைக் கண்டுபிடி. மூன்று நாடுகள் சேரும் முனை அது. பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் நடுவே உருகுவே ஆற்றின் மேல் 1947-இல் ஒரு பாலம் திறந்தார்கள். அடுத்த பெரிய பாலத்துக்கு 38 ஆண்டு ஆயிற்று. அதுதான் இகுவாசு ஆற்றின் மேல், அந்த 1985 சந்திப்பின்போது திறந்தது. பதவியேற்காமலே போன பிரேசில்காரரின் பெயரை அதற்கு வைத்தார்கள். அர்ஜென்டினாக்காரர்களும் அதை டான்கிரெடோ நெவெஸ் பாலம் என்றுதான் சொல்கிறார்கள்.

அன்புடன்,
அத்தை