தாடை எலும்பையும் கரைக்கும் மது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மதுவின் கேடு என்றாலே கல்லீரலைப் பற்றித்தான் பேசுகிறோம். மூத்த பெண்களின் தாடை எலும்பை யாரும் நினைப்பதில்லை. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன் குறைந்து ஏற்கெனவே தேயத் தொடங்கிய எலும்பில், அளவு மீறிய மது புதிய எலும்பை உருவாக்கும் செல்களை முடக்குவதோடு, கால்சியம் உடலில் சேர்வதையும் குறைத்து, வாயை உலர்த்தி ஈறு நோய்க்கும் வழிவிடுகிறது. பல்லைத் தாங்கும் எலும்பு பெரும்பாலும் வலியே இல்லாமல் கரைவதுதான் கொடுமை. கச்சிதமாகப் பொருந்தியிருந்த பல்செட் மெல்லும்போது நழுவினால், வயதானால் இப்படித்தான் என்று வீட்டார் தள்ளிவிடுகிறார்கள்.

குடிப்பதை வெளியில் சொல்ல வயதான பெண்கள் கூசுவது புரிகிறது. ஆனாலும் பல் பிடுங்கும் முன், மதுப் பழக்கத்தையும் எலும்புத் தேய்மானத்துக்கு உட்கொள்ளும் மருந்துகளையும் பல் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. மருத்துவர்களும் முகம் சுளிக்காமல் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி